சோங் கோல் ஏரிக்கரையில் டயர் தைத்துத் தந்த அம்மாவுக்கு நன்றி

கிர்கிஸ்தானின் நாரின் மலைப்பகுதியில், வழிகாட்டியுடன் சென்ற எங்கள் மிதிவண்டிக் குழு 3,016 மீட்டர் உயரத்திலுள்ள சோங் கோல் ஏரியை நெருங்கியபோது, கூரிய கல்லொன்று என் பின்சக்கர டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டயருக்குள் ஊற்றியிருந்த அடைப்புத் திரவம் முள்துளைகளுக்குத்தான் உதவும். இந்தக் கிழிசலில் அது நுரைத்து வழிந்து வீணாயிற்று. வழிகாட்டியிடம் மாற்று ட்யூப் இருந்தது என்றாலும், கிழிசலை மூடாமல் காற்றடித்தால் அது வெளியே பிதுங்கி வெடித்துவிடும்.

கோடையில் மட்டும் மந்தையோடு மேலேறி வந்து தங்கும் மேய்ப்பர்களின் கம்பளிக் கூடாரத்திலிருந்து அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கம்பளி விரிப்பு தைக்கும் தடித்த ஊசியையும் முறுக்கு நூலையும் எடுத்து, டயரை மடியில் கிடத்தி, நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டீர்கள். ரப்பரில் சிக்கிய ஊசியை நீங்கள் பல்லால் கவ்வி இழுத்தபோது கூசியது என் பல்தான். மரமே இல்லாத அந்த மேட்டில் வறட்டி எரித்துத் தேநீர் காய்ச்சிக் கொடுத்தீர்கள், புளிக்கவைத்த குதிரைப்பாலான குமிஸும் கொடுத்தீர்கள் (அதன் புளிப்பு எனக்கு ஒத்துவரவில்லை என்பதை என் முகமே சொல்லியிருக்கும்), பணத்தை மட்டும் கடைசிவரை வாங்கவில்லை.

அந்தத் தையல் நாரின் நகரம் வரை ஓரிழைகூடப் பிரியாமல் தாங்கியது. அடுத்த கோடையில் அவ்வழியே வரும் வழிகாட்டியிடம் நல்ல ஊசிகளையும் மெழுகு நூலையும் கொடுத்து, என் நன்றியை உங்களிடம் கிர்கிஸ் மொழியிலேயே சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.