கொலுசுச் சத்தத்தை விழுங்காத ஃபோன்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஆவணி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மழை வந்தால் மட்டும் முனகுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "புதுசா ஒரு ஃபோன் வாங்கி அனுப்பறேன், அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்கப்பா" என்றாய். நான் "பாக்கலாம் சாமி" என்றேன். நான் பாக்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது உனக்கே தெரியும். ஏன் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குட்டி வந்து ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

சித்திரையில் குட்டிக்கு ஒரு ஜோடி கொலுசு செய்தேன் இல்லையா? பட்டறையை உன் சித்தப்பா மகனிடம் விட்ட பிறகு நான் உட்கார்ந்து செய்த முதல் உருப்படி அது. கண் முன்னைப் போல இல்லை. பற்றவைக்கும்போது இரண்டு கண்ணி ஒட்டிக்கொண்டு, பிரித்து மறுபடி வைத்தேன். சலங்கைகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, ஊமையாக இருந்ததை ஒதுக்கிவிட்டுக் கோத்தேன். மெருகு போட்டு முடித்த அன்று ராத்திரியே அம்மாவின் ஃபோனில் வீடியோ கால் போட்டு, திரைக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். குட்டி என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தாத்தா, சத்தமே வரலை."

மைக் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினேன். 'கிச்' என்று ஒரு துணுக்கு, அதோடு சரி. உன் சித்தப்பா மகன்தான் விளக்கினான். வீடியோ காலில் பேச்சுக் குரல் மட்டும் தெளிவாகப் போகவேண்டும் என்று மற்ற சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடுவார்களாம். மின்விசிறி, தெருவில் போகிற ஆட்டோ, குக்கர் விசில், எல்லாம் அதற்கு இரைச்சல். கொலுசும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நாற்பது வருஷமாக எந்தச் சத்தத்தை வைத்துச் சோறு தின்றேனோ, அது இரைச்சலாம்! அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பீரோவில் பட்டுப்புடவை அட்டைப்பெட்டிகளுக்குக் கீழே எதையோ தேடியபோது உன் எல்ஜி வி20 கையில் தட்டுப்பட்டது. 2017-ல் பெங்களூரில் வாங்கினாய். கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஃபோன் வந்ததும் இங்கே போட்டுவிட்டுப் போய்விட்டாய். எனக்குப் பழக்க தோஷம், முதலில் தராசில் வைத்துப் பார்த்தேன். 174 கிராம். டப்பாவில் இருந்த காகிதமும் அதையேதான் சொன்னது. சரி, சுத்தமான பொருள்தான் என்று சார்ஜில் போட்டேன். பூட்டைத் திறக்க நீ சொன்ன மாதிரி திரையில் விரலால் கோடு போட்டுத் திறந்தால், மேலே ஓரத்தில் இருக்கிற அந்தத் துண்டுத் திரையில் நீ எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது: 'அப்பாவுக்கு ஃபோன்'.

அந்தத் துண்டுத் திரையே ஒரு தனி அழகு. பெரிய திரை அணைந்து கிடந்தாலும் அதில் மணி தெரிகிறது. ராத்திரி கண்ணாடி தேடாமல் நேரம் பார்த்துக்கொள்கிறேன். திறந்ததும் நீ எழுதிய இரண்டு வார்த்தை வந்து நிற்கிறது. அப்பாவுக்கு ஃபோன் என்றால், நான் யாருக்குப் பண்ணுவது? உனக்குத்தான் பண்ணுகிறேன். வாரத்தில் மூன்று தடவை கூப்பிடுகிறார் என்று மாப்பிள்ளை கேட்டால், குற்றம் உன்னுடையது என்று சொல்லிவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஒலிப்பதிவுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது, நீ திறந்தே பார்த்திருக்க மாட்டாய். மூன்று மைக் வைத்த ஃபோன் அது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 48 ஆயிரம் தடவை சத்தத்தை நுணுக்கமாக அளந்து, எதையும் கழிக்காமல் பதிகிறது. சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு ஒன்று ஏறி இறங்கும், அது சிவப்பைத் தொடாமல் நாமே கூட்டிக் குறைக்கலாம். அடித்தொண்டை உறுமலை மட்டும் வெட்டுகிற வசதியும் உண்டு. பட்டறை மின்விசிறியின் 'ம்ம்ம்' அதில் பாதி போய்விட்டது. மேசையில் ஒரு துணி விரித்து, ஃபோனை அதன் மேல் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று கொலுசைத் தூக்கி மெதுவாக விட்டேன். இயர்ஃபோனில் கேட்டால், ஒவ்வொரு சலங்கையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. இடது கொலுசில் திருகாணிப் பக்கத்து மூன்றாவது சலங்கை கொஞ்சம் கம்மியாகப் பேசுவது அதில்தான் தெரிந்தது. நேரில் ஆட்டிப் பார்த்தபோது என் காதுக்கே அது பிடிபடவில்லை. அதைப் பிரித்து மாற்றினேன். ஒரு ஃபோன் என் வேலையில் குறை கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை.

அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் பிழிந்து சக்கையாக்கிவிடும். ஆவணம் என்ற வழியில் கோப்பாக அனுப்பவேண்டும். உனக்கு அப்படித்தான் வந்தது. சுருக்காமல் விட்டால் ஒரு நிமிடத்துக்கு 17 எம்பி போல ஆகும். ஃப்ளாக் என்கிற கோப்பு வடிவத்தில் அது ஏறக்குறைய பாதியாகிறது, ஆனால் சத்தத்தில் ஒரு துளி குறையாது. குட்டி அதைக் கேட்டுவிட்டு வீடு முழுக்கக் காலைத் தட்டிக்கொண்டு நடந்தாள் என்று நீ சொன்னதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? விடு.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கெட்டுத்தான் போனேன். ஆடியில் குகை மாரியம்மன் பண்டிகையில், வேஷம் கட்டி வண்டிகளில் வருகிற வண்டி வேடிக்கைக்கு இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பம்பை அடித்தால் மற்ற ஃபோன்களில் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கேட்கும். இதில் கச்சேரிக்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை வைத்து, பம்பைக்காரரிடமிருந்து ஆறடி தூரத்தில் நின்று பதிந்தேன். தோல் அதிர்வது வரை விழுந்திருக்கிறது. அதற்கு முன்பே, பங்குனியில், ஏற்காட்டில் என் சிநேகிதர் தோட்டத்தில் காபி பூத்திருந்தது, கூட்டிப் போனார். கோடை மழை ஒன்று பெய்து சில நாளில் செடி முழுக்க வெள்ளையாகி, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும் பூ அது. நாங்கள் போனபோது தேனீ அப்படி மொய்த்தது. அன்றைக்கு இந்த ஃபோன் என்னிடம் இல்லையே என்று இப்போது வயிறெரிகிறது. அடுத்த வருஷம் மழை பெய்த செய்தி வந்ததும் பஸ் ஏறிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் எடுபடவில்லை என்று உன் சித்தப்பா மகனைக் கேட்டேன். அவன் தேடிப் பார்த்துச் சொன்னதில் சிரிப்பு வந்தது. இதை 2016 செப்டம்பர் 6-ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் வெளியிட்டார்கள். மறுநாள், அதே ஊரில், ஆப்பிள்காரர் ஐஃபோன் 7-ஐ வெளியிட்டார்கள், இயர்ஃபோன் துளை இல்லாமல். உலகம் முழுக்க அந்த இல்லாத துளையைப் பற்றியே பேசியது. துளையையும் வைத்து, அதற்குள் நல்ல சத்தத்துக்கென்று நாலு டேக்கையும் (எண்ணாக இருக்கிற பாட்டைச் சத்தமாக மாற்றுகிற சில்லு) சேர்த்து வைத்த இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது வாசலில் நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரிதான். 2021-ல் எல்ஜி ஃபோன் தொழிலையே விட்டுவிட்டது.

அந்தத் துளையில் சொருகி, காலையில் ஏற்காடு ரோட்டில் நடக்கும்போது பழைய பாட்டுக் கேட்கிறேன். பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவைத் தாண்டும்போது அவர்கள் படத்துப் பாட்டு வந்தால், இந்த வாசலுக்குள்தானே இதைப் படம் பிடித்தார்கள் என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிற டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்.

பேட்டரி கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும். வலது பக்கம் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பின்மூடி 'டக்' என்று எழும்புகிறது, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். திருகாணி போல எளிமை. உன் பழைய பேட்டரி மதியத்துக்குள் செத்துவிடும், வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் வேறென்ன செய்யும்? இங்கே ஒரு கடையில் புதிது என்று ஒன்று கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் பின்மூடி சரியாகப் படியவில்லை. நகை வேலைக்காரன் விரலுக்கு அரை மயிர் தூக்கினாலும் தெரியும். கழற்றிப் பார்த்தால் பேட்டரி வயிறு உப்பியிருந்தது. அழுத்திப் பார்க்கவில்லை, குத்திப் பார்க்கவில்லை, சார்ஜிலும் போடவில்லை. மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் "எல்லாம் ஒரே மால்தாண்ணே" என்றார். அவரிடம் பேசிப் பயனில்லை. இரண்டாவது வாங்கும்போது ஒன்று கற்றுக்கொண்டேன்: மேலே அச்சடித்திருக்கிற தயாரிப்புத் தேதியைப் பார்க்கவேண்டும். பிரிக்காத உறையில் இருந்தாலும் ஏழெட்டு வருஷத்துக்கு முன் செய்தது என்றால் அது பழைய சோறுதான். இப்போது இருப்பது சாயங்காலம் வரை தாங்குகிறது.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆண்ட்ராய்டு 8-க்கு மேல் இதற்குக் கிடையாது. பாதுகாப்புப் பூட்டைப் புதுப்பிக்க யாரும் இல்லாத வீட்டில் பணம் வைக்கக் கூடாது. அதனால் பேங்க் செயலி, ஜிபே எதுவும் இதில் இல்லை, எல்லாம் அம்மாவின் ஃபோனில்தான். தட்டுவடை செட் வாங்கக்கூட அவளிடம் கேட்கவேண்டியிருக்கிறது. அது என் உடம்புக்கு நல்லது என்று அவள் சொல்கிறாள்.

ஒரு கூத்து. இதன் உச்சியில் ரிமோட் வேலை செய்கிற சின்னக் கண் ஒன்று இருக்கிறது. வீட்டு டிவிக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாள் டீக்கடையில் டிவி காதைப் பிளந்தது. பையிலிருந்து எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். கடைக்காரர் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பேட்டரி மாற்றினார். எனக்குப் பாவமாகிவிட்டது, அடுத்த நாள் இரண்டு டீயாகக் குடித்தேன்.

ஆகையால் புது ஃபோன் வேண்டாம். செலவு செய்தே தீருவேன் என்றால், தையில் வரும்போது மெல்போர்னில் நல்ல பேட்டரி கிடைக்கிறதா பார். பெயர் பிஎல்-44இ1எஃப், 3200 எம்ஏஎச். தேதியைப் பார்த்து வாங்கு. விமானத்தில் பெட்டிக்குள் போடாதே, தனிப் பேட்டரியைக் கைப்பையில்தான் விடுவார்கள். கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, இருப்பதை ஓட்டிக்கொள்கிறேன்.

குட்டி வளர்ந்திருப்பாள். கணுக்காலைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அளவை சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. இரண்டு கண்ணி கூடுதலாக வைக்கிறேன். அப்படியே அவளை மரத்தரையில் நடக்கவிட்டு, உன் ஃபோனில் எப்படி வருகிறதோ அப்படிப் பதிந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா