காப்புரிமை மட்டும் போதாது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

பணக்கார நாடுகள் சோலார், காற்றாலை போன்ற தொழில்நுட்பங்களின் காப்புரிமையை விட்டுக்கொடுத்தால் பருவநிலைச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாய். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காப்புரிமை ஆவணத்தை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். படித்துவிட்டுச் சரக்கைச் செய்து காட்டுவதுதான் கஷ்டம். சோலார் செல்லையே எடுத்துக்கொள். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத சிலிக்கான் தகடு. அதன்மேல் வெள்ளிப் பசையால் மெல்லிய கோடுகள் அச்சிட்டு, ஏறக்குறைய 800 டிகிரியில் சில நொடிகள் சுடுகிறார்கள். சூடு மிஞ்சினால் பசை ஆழமாக இறங்கி செல்லைக் கெடுத்துவிடும். குறைந்தால் சிலிக்கானோடு சரியாகப் பிடிக்காது. உலைப் பக்கத்தில் நின்று பழகினால்தான் இந்தப் பக்குவம் கைக்கு வரும்.

ஆஸ்திரேலியாவில் சோலார் செல் ஆராய்ச்சியாளர் மார்ட்டின் கிரீனிடம் ஆய்வு மாணவராக இருந்த ஷி ஜெங்ரோங், 2001-இல் சீனாவில் சன்டெக் என்ற சோலார் பேனல் நிறுவனத்தைத் தொடங்கினார். சரக்கு போய்ச் சேர ஜெர்மனி இருந்தது. அது 2000-இல் கொண்டுவந்த சட்டம் சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலை தந்தது. கைப்பழக்கம் உள்ள ஆளும் வாங்கச் சந்தையும் சேர்ந்ததால்தான், 2010-க்குப் பின் பத்தே ஆண்டில் பேனல் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

பணக்கார நாடுகள் பணமும் தர வேண்டும் என்று நீ சொன்னது முழுக்கச் சரி. ஓசோனைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1990-இல் அதற்கென்று ஒரு நிதியத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். வளரும் நாடுகளின் தொழிற்சாலைகள் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை விட்டு மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை அது ஏற்றது. அதனால்தான் அவை மாறின. பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தின் 10-ஆவது பிரிவும் தொழில்நுட்பப் பகிர்வைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அந்த மாதிரி உறுதியான பணம் பின்னால் இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு கவலை. இன்று பேனல் தயாரிப்பின் முக்கியக் கட்டங்கள் எல்லாவற்றிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். மற்ற நாடுகள் வரி போட்டுத் தடுக்கின்றன. நிலக்கரிச் சுரங்கம் மூடுவது ஓரிடம், பேனல் ஆலை திறப்பது வேறிடம். ஐம்பது வயதுச் சுரங்கத் தொழிலாளி எங்கே போவார்?

உன் மகன் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தது பெரிய சந்தோஷம். அவனிடம் ஒன்று கேட்டு எழுது. கட்டுப்பாட்டு மென்பொருளில் கோளாறு வந்தால் அவர்களே திறந்து சரிசெய்ய முடிகிறதா, இல்லை விற்ற கம்பெனிக்காரர் வரும்வரை காற்றாலை நிற்கிறதா?

அன்புடன்,
சேகர்