யார் பேசுவது?

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை புது எண்ணிலிருந்து நீ கூப்பிட்டபோது, "யார் பேசுவது?" என்று கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய். சிரிப்பதற்கு முன் ஒரு கணம் பேச்சற்று இருந்தாய். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு பேரன் போனைப் பிடுங்கி, "தாத்தா, பிரிந்துபோன குட்டி வளர்ந்த பிறகும் யானைக்கு அடையாளம் தெரியுமா?" என்றான். பள்ளிக்கூடப் பாடமா, என்னைக் குத்திக் கேட்டானா? நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து படித்துவிட்டேன்.

கென்யாவில், கிளிமஞ்சாரோவைப் பார்த்தபடி இருக்கிறது அம்போசெலி. அங்கே 1972-ல் சிந்தியா மோஸ் யானைகளைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கெழுதத் தொடங்கினார். பின்னாளில் கேரன் மெக்கோம்ப் என்ற ஆய்வாளர், யானைகள் ஒன்றையொன்று தேடி அழைக்கும் அடித்தொண்டை உறுமலைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார். பழகாத குரலென்றால் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. வீட்டுக் குரலென்றால் பதில் குரல் கொடுத்தது. ஒரு யானை சுமார் 100 யானைகளின் குரலைப் பிரித்தறியும் என்று 2000-ல் எழுதினார்கள்.

பெண் யானை பொதுவாகப் பிறந்த கூட்டத்திலேயே கிழவியாகிறது. ஆண்தான் 14 வயதுவாக்கில் வெளியேறும். ஆனால் அங்கே ஒருத்தி வேறு குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். 12 ஆண்டு கழித்து அவள் குரலைக் கேட்டதும் பிறந்த வீடு பதில் சொன்னது. நீ போய் 11 ஆண்டுதான் ஆகிறது.

இறந்துபோன ஒரு யானையின் குரலையும் 23 மாதம் கழித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கும் குடும்பம் பதில் குரல் கொடுத்ததாம். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்தேன். அம்மா பேசிய கேசட்டை ஏன் போடுவதே இல்லை என்று கேட்டாயே, இதனால்தான்.

இதைப் பேரனிடம் சொல்லாதே. அவனுக்கு இலத்திக் கதையைச் சொல்: ஜெர்மனியில் 12 ஆண்டு பிரிந்திருந்த தாய் யானையும் மகளும், மறுபடி சந்திக்கும் முன்பே, ஒன்றின் இலத்தியை மற்றது மோந்து இனம்கண்டுகொண்டன. இரண்டு நாளைக்குச் சிரிப்பான்.

புதன்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை போனை எடுத்தவுடன் பேரைச் சொல்லிவிடு, அம்மா.

அப்பா