நைட்ரஜனை மந்த வாயு என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் காற்றைப் பற்றி வந்த கட்டுரையில், நைட்ரஜன் எதனோடும் சேராத மந்த வாயு என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்தச் சொல்லித்தான் எழுதுகிறேன். நான் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். இந்த ஒரு வார்த்தையால் வருடா வருடம் பிள்ளைகள் நைட்ரஜனைக் கொண்டுபோய் ஹீலியம், நியான், ஆர்கானோடு உட்காரவைத்துவிடுகிறார்கள்.

ஆர்கான் சும்மா இருப்பது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானும் நிறைந்திருப்பதால். நைட்ரஜன் அணுவுக்கு அங்கே ஐந்துதான், மூன்று குறைகிறது. அந்த மூன்றுக்காக இன்னொரு நைட்ரஜனோடு பங்கு போட்டு முப்பிணைப்பில் இறுகிக்கொள்கிறது. அதை அறுக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 498 போதும். ஆக, மந்தமாக இருப்பது அந்த ஜோடிதான், அணு இல்லை. அந்த ஜோடியைக்கூட லித்தியம் சாதாரண அறை வெப்பத்திலேயே மெதுவாகப் பிரித்துவிடும். மெக்னீசியத்தைக் காற்றில் எரித்து, சாம்பலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் லேசாக அம்மோனியா வாடை வரும், காற்றிலிருந்த நைட்ரஜன்தான் அது.

இதே பிணைப்பை உடைத்து, நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கத்தான் 1909-இல் ஜெர்மன் வேதியியலர் ஹேபர் வழி கண்டார், 1913-இல் இன்னொரு வேதியியலரான பாஷ் அதை ஜெர்மனியில் ஓப்பாவ் ஆலையில் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம். அப்படி வரும் அம்மோனியாவில்தான் யூரியா செய்கிறார்கள். அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ. என் வகுப்பில் பாதிப் பேர் அப்பாவோடு வயலில் மேலுரம் போட்டவர்கள், ஆனால் தழைச்சத்து என்பதும் பாடத்தில் படிக்கும் நைட்ரஜனும் ஒன்றுதான் என்று சொன்னால் திகைத்துப் பார்க்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டுவேன். வேரில் கடுகு மாதிரி ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின்தான் அந்த நிறம், முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவிடம் நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஒன்று உண்டு, ஆக்சிஜன் அண்டி அதைக் கெடுத்துவிடாமல் இது காக்கிறது. கொதிகலனும் இல்லை, அழுத்தமும் இல்லை, சாதாரண மண் சூட்டில் அந்த பாக்டீரியா முப்பிணைப்பை உடைத்துக்கொண்டிருக்கிறது!

அப்புறம் இன்னொன்று. பிரிந்த நைட்ரஜன் அணுக்கள் மறுபடி ஜோடி சேரும்போது பெரும் ஆற்றல் வெளிவரும். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் சேமித்துவைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது நடந்ததில் அதுவும் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை மந்தம் என்று எப்படிச் சொல்வது?

சாதாரண நிலையில் எளிதில் வினைபுரியாதது என்று எழுதுங்கள், அது சரி. திருத்தம் போடும்போது ஒரு வேர் முடிச்சின் படத்தையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும். கீறிய படமாக இருக்கட்டும், உள்ளே இருக்கும் சிவப்பு தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்