எங்கள் மெனுவில் பீர் ஏன் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி மேசையில் உட்கார்ந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "பீர் என்ன வெச்சிருக்கீங்க?" என்பதுதான். இல்லை என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இன்னும் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணலையா?" கையில் தட்டோடு நின்றபடி இதற்குப் பதில் சொல்லி முடியாது. சுருக்கமாகச் சொன்னால் சாக்குப்போக்கு போலத் தோன்றும். அதனால் முழுக் கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறோம். கூடவே, லைசென்ஸ் இல்லாத ஒரு கடையில் நீங்கள் சட்டப்படி என்ன செய்யலாம், எதைச் செய்தால் எங்களுக்குச் சிக்கல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் கடை இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில் மது லைசென்ஸ், தகுதி இருந்து விண்ணப்பித்தால் கிடைத்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. தலைக்கணக்குப் பார்த்து அளந்து கொடுப்பது அது. மக்கள்தொகையை வைத்து ஊருக்கு இத்தனைதான் என்று கட்டும் சட்டம் 1947-இல் வந்தது. இன்றைய அளவு 3,000 பேருக்கு ஒரு லைசென்ஸ். உட்கார்ந்து குடிக்கும் இடங்களுக்கு, அதாவது உணவகம், பார் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. பாட்டில் வாங்கிப்போகும் மதுக்கடைகளுக்குத் தனிக்கணக்கு, 7,500 பேருக்கு ஒன்று.

29,000 பேர் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 3,000-ஆல் வகுத்தால் ஒன்பது வரும், மிச்சம் 2,000 பேர் கணக்கில் சேர மாட்டார்கள். ஒன்பது பேரிடம் லைசென்ஸ் இருந்தால் பத்தாவதுக்கு அந்த ஊர் 30,000-ஐத் தொட வேண்டும். இதிலே இன்னொரு முடிச்சும் உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே கொடுத்திருந்தவற்றை அரசு திரும்ப வாங்கவில்லை. பழைய ஊர்களில் பன்னிரண்டு, பதினைந்து என்று அளவுக்கு மேலேயே புழக்கத்தில் இருக்கும். அதே 29,000 பேர் ஊரில் பன்னிரண்டு லைசென்ஸ் இருக்கிறது என்றால் பதின்மூன்றாவது பிறக்க 39,000 பேர் வேண்டும். காலி மனையே இல்லாத ஊரில் பத்தாயிரம் பேர் எங்கிருந்து வருவார்கள்? எத்தனையோ ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் புது லைசென்ஸ் வராததற்குக் காரணம் இதுதான். அப்படியே ஒன்று புதிதாக வந்தாலும் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகாது. ஊர் நிர்வாகம் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்து, மூடிய கவரில் ஏலம் கேட்டு, அதிகம் கேட்டவருக்குக் கொடுக்கும்.

"அந்தப் பெரிய ஹோட்டல் மட்டும் நேற்றுத்தானே திறந்தார்கள், அவர்களுக்கு எப்படி பார்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 100 அறைகளுக்குக் குறையாத தங்கும் விடுதிகளுக்குத் தலைக்கணக்கிலிருந்து விலக்கு உண்டு. சாப்பாட்டுக்கடைக்கு அந்த வழி கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி சொல்கிறோம். எந்த பாருக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் கவுண்டி, அதாவது மாவட்டம் (12 என்றால் மிடில்செக்ஸ்), அடுத்த இரண்டு ஊர். அதற்கடுத்த இரண்டு இலக்கந்தான் வகையைச் சொல்லும்: 33 என்றால் தலைக்கணக்கில் வரும் சாதாரண உணவகம் அல்லது பார், 36 என்றால் விலக்குப் பெற்ற விடுதி, 44 என்றால் மதுக்கடை. பிறகு மூன்று இலக்கம் ஊரின் வரிசை எண். கடைசி மூன்று இலக்கம், லைசென்ஸ் கைமாறும்போதும் இடம் மாறும்போதும் கூடிக்கொண்டே போகும். அந்த இடத்தில் 009 என்று பார்த்தால், அந்தத் தாள் எத்தனை மாற்றங்களைப் பார்த்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

புதிது கிடைக்காது என்றால், வைத்திருப்பவரிடம் வாங்க வேண்டியதுதான். விலைதான் அங்கே தடுக்கிறது. ஊருக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணம் 250 டாலரிலிருந்து 2,500 டாலர்வரைதான், மாநிலத்துக்கு 200 டாலர். ஆனால் விற்பவர் கேட்கும் விலைக்கு வரம்பே கிடையாது. சில லட்சம் டாலர் என்பது சர்வசாதாரணம். வசதியான ஊர்களில் பத்து லட்சத்தைத் தாண்டியதும் உண்டு. நான்கு லட்சத்துக்கு ஒன்று அமைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் அந்தப் பணத்தை எடுக்க, வட்டி இல்லாமலே வருஷத்துக்கு நாற்பதாயிரம், வாரத்துக்குச் சுமார் 770 டாலர். ஒரு பீரில் நான்கு டாலர் நின்றால் வாரத்துக்கு 190 பீருக்கு மேல் விற்றாக வேண்டும். அதற்கும் மேலே மதுவுக்கென்று தனி இன்ஷூரன்ஸ், பாருக்கு ஆள். அறுபது நாற்காலி போட்ட குடும்பக் கடையில் இந்தக் கணக்கு நேராது. நேர வைக்கவேண்டுமானால் தோசை விலையில்தான் கைவைக்க வேண்டும். அதைச் செய்ய எங்களுக்கு மனசில்லை.

கடன் வாங்கியாவது வாங்கலாமே என்றால், அங்கேயும் சட்டம் குறுக்கே நிற்கிறது. இத்தனை விலை போகும் இந்தத் தாள் நியூ ஜெர்சி சட்டப்படி சொத்தே இல்லை. ஊர் கொடுத்த ஓர் அனுமதி, அவ்வளவுதான். அடமானம் வைக்க முடியாது, கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. வங்கியோ திருப்பி விற்கக்கூடிய பொருளைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். ஆகவே வீட்டையோ கையிலிருக்கும் சேமிப்பையோதான் வைக்க வேண்டியிருக்கும்.

கைமாற்றும் வேலையும் லேசானதில்லை. கடை நடத்தும் நண்பர்கள் சிலரும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். விண்ணப்பம் ஊர் கிளார்க்கிடம் போகும். லைசென்ஸைக் கைமாற்ற ஆண்டுக் கட்டணத்தில் பத்து சதவீதம் கட்ட வேண்டும். கைரேகை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மச்சான் கொடுத்த கைமாற்று, ஊரில் நிலம் விற்று அப்பா அனுப்பிய பணம், "லாபத்தில் ஒரு பங்கு பார்த்துக்கலாம்" என்று நண்பர் போட்ட தொகை, இவற்றையெல்லாம் வாய்ப்பேச்சாக விட்டுவிடுவார்கள். விண்ணப்பத்தில் காட்டாத பங்கு மறைக்கப்பட்ட பங்காகிவிடும். லைசென்ஸ் கைக்கு வந்து பல வருஷம் கழித்துக்கூட அதைப் பறிக்க அது போதுமான காரணம்.

அடுத்து, செய்தித்தாளில் இரண்டு வாரம் தொடர்ந்து அறிவிப்புப் போட வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும், பிறகு கவுன்சில் தீர்மானம். விற்பவர் கட்டாத வரி பாக்கி இருந்தால் அது தீரும்வரை காரியம் நகராது. இடமும் மாறுகிறது என்றால் 200 அடி விதி வரும். வழிபாட்டுத் தலமோ பள்ளிக்கூடமோ 200 அடிக்குள் இருக்கக்கூடாது. டேப்பை நேர்க்கோட்டில் பிடித்து இதை அளக்க மாட்டார்கள். ஒருவர் முறையாக நடந்துபோகும் வழியில், பள்ளி அல்லது வழிபாட்டுத் தலத்தின் வாசலிலிருந்து கடை வாசல்வரை அளப்பார்கள். கார் நிறுத்துமிடத்தின் எதிர்ப்புறம் இருப்பது நடைபாதை சுற்றிப் போனால் 230 அடி ஆகிவிடலாம். அதே வளாகத்தில் இரண்டு கடை தள்ளி ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தால் போச்சு. அந்தச் சபையார் மனசு வைத்து விலக்குக் கொடுத்தால்தான் உண்டு. லாபத்துக்கு நடத்தும் டே-கேர் இந்தக் கணக்கில் சேராது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இதை அளக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து முன்னாலேயே அளந்துவிடுங்கள்.

வாங்கிவிட்டு எங்கும் பயன்படுத்தாமல் வைத்திருப்பதைப் "பாக்கெட் லைசென்ஸ்" என்பார்கள். கடை மூடியிருக்கும், தாள் மட்டும் உயிரோடு இருக்கும். ஊர்க் கணக்கில் அதுவும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் இவற்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவரவும், எல்லையை ஒட்டிய பக்கத்து ஊருக்கு மாற்றவும் வழி செய்திருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் 3,000 பேருக்கு ஒன்று என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. பெருந்தொகை போட்டு வாங்கியவர்கள் தங்கள் முதலீட்டின் மதிப்பு போய்விடும் என்று பயப்படுவதும் நியாயந்தான். அவர்களில் பலர் நம்மைப் போன்ற சின்னக் குடும்பங்கள். இழப்புக்கு ஒரு வழி சொல்லாமல் வரம்பை எடுத்துவிட முடியாது என்பதே எங்கள் எண்ணம்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். லைசென்ஸ் இல்லாத உணவகத்துக்கு வாடிக்கையாளர் தாமே கொண்டுவந்து அருந்தலாம். பி.ஒய்.ஓ.பி. என்று சொல்கிறார்களே, அதுதான். சட்டம் அனுமதிப்பது வைன், பீர் இரண்டை மட்டும். விஸ்கி, ரம், பிராந்தி, வோட்கா கூடாது. சின்ன ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து கோக்கில் கலப்பதும் கூடாது. டின்னில் வரும் காக்டெயில் வோட்காவோ ரம்மோ கலந்ததாக இருந்தால் அதுவும் கூடாது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். உங்களை உள்ளே விட்டு வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கும் சங்கடம்.

பாட்டில் திறக்கவோ பரிமாறவோ நாங்கள் காசு வாங்கக்கூடாது. கார்க் கட்டணம், மேசைக் கட்டணம், எந்தப் பெயரிலும் கூடாது. எந்த பி.ஒய்.ஓ.பி. கடையிலாவது பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் பையன் ஓடிப்போய் வாங்கி வந்து பில்லில் சேர்ப்பதும் முடியாது, அது விற்பனையாகிவிடும். குடித்து மிச்சமிருக்கும் பாட்டிலை "அடுத்த வாரம் வர்றோம், ஃப்ரிட்ஜில் வைங்க" என்று கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத கடையின் ஃப்ரிட்ஜில் மது இருந்தால், விற்க வைத்ததில்லை என்று நிரூபிக்கும் பாரம் எங்கள் தலையில் விழும். இந்தச் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் கடையில் மது அருந்துவதையே தடைசெய்துவிடலாம்.

21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒரு வாய்கூடக் கூடாது, அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரி என்றாலும்கூட. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோடு வருபவர்கள் இதை மனதில் வையுங்கள். அடையாள அட்டை கேட்டால் வருத்தப்படாதீர்கள். ஊரில் மது விற்பனை நிற்கும் நேரத்துக்குப் பிறகு மேசையிலும் நிறுத்தியாக வேண்டும்.

எல்லா ஊரிலும் பி.ஒய்.ஓ.பி. உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் நிர்வாகம் உள்ளூர்ச் சட்டம் போட்டுத் தடுக்கலாம். கடற்கரைக்குப் போகும் வழியில் ஓஷன் சிட்டியில் சாப்பிட இறங்கினால், பாட்டில் காரிலேயே இருக்கட்டும். மதுவிலக்கு ஊரான அங்கே உணவகத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கலாமா என்று 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி, மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பிறந்தநாள், வளைகாப்பு, பட்டமளிப்பு என்று ஹாலை முழுக்க எடுப்பவர்களுக்கு: விருந்து கொடுப்பவர் வைன், பீர் கொண்டுவந்து விருந்தினருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது விற்பனை. "நன்கொடை" என்று எழுதிய டப்பா வைத்தாலும் விற்பனைதான். டிக்கெட் போட்டு, அந்த டிக்கெட்டிலேயே பானமும் சேர்த்தி என்றாலும் அப்படியே. சங்கங்கள், கோயில் குழுக்கள் போன்ற லாபநோக்கில்லா அமைப்புகள் நிகழ்ச்சியில் மது விற்க விரும்பினால், அதற்கென்று மாநில மதுக் கட்டுப்பாட்டுப் பிரிவு கொடுக்கும் ஒருநாள் அனுமதி வாங்க வேண்டும். ஊர் கிளார்க், காவல்துறை இருவரின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதால் கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள்.

கிளம்பும்போது ஒரு விஷயம். திறந்த பாட்டிலைக் காரில் இருக்கைப் பக்கம் வைத்துப் போவது குற்றம், ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருந்தாலும். கார்க்கை அழுத்தி மூடித் தருகிறோம், டிரங்க்கில் வையுங்கள். டிரங்க் இல்லாத வண்டியானால் கடைசி இருக்கைக்குப் பின்னால். ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்டத்தின் எல்லை, 21 வயதுக்குக் கீழே 0.01. எல்லையைத் தொடும்வரை குடிக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. வண்டி ஓட்டுபவர் குடிக்காமல் இருக்கட்டும். அவருக்கு எங்கள் செலவில் ஒரு பன்னீர் சோடா.

என்ன கொண்டுவருவது என்று கேட்பவர்களுக்கு: மிளகும் மிளகாயும் தூக்கலான குழம்போடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் சேராது. காரம் அந்தத் துவர்ப்பைக் கூட்டி நாக்கை வறட்டிவிடும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் நன்றாகப் போகும், குளிர்ந்த லாகர் பீரும் அப்படித்தான். ஐஸ் வாளி ஆறுதான் இருக்கிறது. எட்டுப் பேருக்கு மேல் வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
உணவக நிர்வாகத்தார்