சிமெண்ட் தொகுப்பையும் மூட்டோடு சேர்த்தே வாங்குங்கள்: மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மதுரையில் எலும்பு முறிவு அறுவை அரங்குகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோருக்குப் பொருத்தப்படும் செயற்கைப் பந்து மூட்டின் தண்டு, தொடை எலும்பின் உட்குழலுக்குள் எப்படி நிலைநிறுத்தப்படுகிறது என்பதைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமெண்டும், அதை முறையாக உள்ளே செலுத்தத் தேவையான அடைப்பானும், சிமெண்டைப் பீய்ச்சும் துப்பாக்கி வடிவக் கருவியும், எலும்புக் குழலைக் கழுவும் கருவியும் தனிச் செலவுகளாகப் பார்க்கப்படாமல், மூட்டின் பாகங்களாகவே கொள்முதல் செய்யப்பட வேண்டும். காப்பீட்டிலும் அப்படியே அனுமதிக்கப்பட வேண்டும்.

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டிய தாய்மார்கள். ஈரத் தரையிலோ வாசற்படியிலோ வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து வருகிறார்கள். எலும்புக் கட்டு வைத்தியரிடம் சில நாள் கிடந்துவிட்டு வருபவர்களும் உண்டு. முறிந்த துண்டு விலகிவிட்டால் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் பெரும்பாலும் அறுந்துவிடும். அந்த வயதில் முறிவு கூடாமல் போக வாய்ப்பு அதிகம். ஆகவே உடைந்த பந்தை எடுத்துவிட்டு, தண்டோடு கூடிய உலோகப் பந்தை வைக்கிறார்கள். இடுப்புக் கிண்ணத்தை மாற்றாமல் பந்தை மட்டும் மாற்றுவதால் இதைப் பாதி மூட்டு மாற்று என்பார்கள். ‘பந்து மாத்தியாச்சு’ என்று உறவினர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டி மறுபடி தன் காலால் கழிப்பறைக்குப் போவாரா, காலை ஊன்றும்போதெல்லாம் தொடையில் வலி எடுத்து மூலையில் உட்கார்ந்துவிடுவாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பந்தன்று, தண்டின் பிடிமானம்.

பிடிமானத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழலை அரத்தால் செதுக்கி, தண்டை இறுக்கமாக அடித்து இறக்குவது. மற்றொன்று, குழலைச் சிமெண்டால் நிரப்பி அதற்குள் தண்டை நிறுத்துவது.

அடித்து இறக்கும் முறையை நான் குறை சொல்லவில்லை. எலும்பு திடமாக உள்ள நடுத்தர வயதினருக்கு அது நல்ல முறை. தண்டின் மேல் நுண்துளைப் பூச்சோ, எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சோ இருந்தால் எலும்பே அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. தொடக்க வாரங்களில் எலும்புக்கும் தண்டுக்கும் இடையிலான அசைவு ஏறத்தாழ 40 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும், தண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தைப் பெற, செதுக்கிய குழலைவிடச் சற்றே பெரிய தண்டை அடித்து இறக்குகிறார்கள். தண்டு சரியாக உட்காரும்போது சுத்தியல் அடியின் ஓசை மாறும். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் அந்த ஓசை தெரியும். எலும்பு மெலிந்த மூதாட்டிக்கு அடிக்கும்போது சில நேரம் அந்த ஓசைக்கு முன்பாக வேறொரு சிறு ‘டிக்’ சத்தம் கேட்கும். அது தொடை எலும்பின் மேல்விளிம்பில் கீறல் விழுந்த சத்தம். உடனே கவனித்தால் கம்பி சுற்றிக் காப்பாற்றலாம். கவனிக்கத் தவறினால், நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கிய பின் எலும்பு பிளக்கும்.

முதியோரின் தொடை எலும்பில் சுவர் மெலிந்து குழல் அகன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட குழலில் இறுக்கம் கிடைப்பதே கடினம். நம் பக்கத்தில் நெடுங்காலம் வழக்கத்தில் இருக்கும் ஆஸ்டின் மூர் வகைத் தண்டுக்குப் பூச்சும் கிடையாது, அளவு வகைகளும் குறைவு. அமெரிக்க மருத்துவர் மூர் அதை வடிவமைத்தபோது தண்டில் சன்னல் போன்ற துளைகள் விட்டு, அவற்றின் ஊடே எலும்பு வளர்ந்து பிடிக்கும் என்று எதிர்பார்த்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் இந்தச் சிமெண்ட் முறை பரவியிருக்கவில்லை. இன்று இருக்கிறது.

எந்த முறை மேல் என்பதில் இப்போது பெரிய ஐயம் இல்லை. பிரிட்டனில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,225 இடுப்பு முறிவு நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் நான்காம் மாதத்தில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மூட்டைச் சுற்றி எலும்பு மறுபடி முறிந்தது சிமெண்ட் வைத்தவர்களில் 0.5 விழுக்காடு, வைக்காதவர்களில் 2.1 விழுக்காடு. அங்கே சிமெண்ட் இல்லாமல் வைக்கப்பட்டவை பழைய மூர் தண்டுகள் அல்ல, பூச்சுள்ள நவீனத் தண்டுகள் என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் சிமெண்ட் பாக்கெட்டை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிடிமானம் வந்துவிடாது. என் மடலின் மையம் இதுதான். சிமெண்டைக் கலந்துகொடுத்தவள் என்ற உரிமையில் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எலும்புச் சிமெண்ட் வீடு கட்டும் சிமெண்ட் அன்று, ஒரு வகை அக்ரிலிக் பிளாஸ்டிக். 1958இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, பல் மருத்துவப் பொருள்களை ஆய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித்தின் யோசனைப்படி இதை இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். இது பசையன்று. பழைய சுவரில் பூசுவதற்கு முன் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவதும் தூசியைக் கழுவிவிடுவதும் எதற்கோ, அதே காரணம்தான் இங்கும்: பூச்சு பள்ளங்களுக்குள் புகுந்து பூட்டிக்கொண்டால்தான் நிற்கும். குழலின் உட்சுவரில் தேன்கூடு போன்ற மென்னெலும்பு இருக்கிறது. அதன் அறைகளில் கொழுப்பும் மஜ்ஜையும் இரத்தமும் நிரம்பியிருக்கும். அவற்றைப் பீய்ச்சியடித்துக் கழுவி, நாடாத் துணியைத் திணித்து உலர்த்திய பிறகே சிமெண்ட் அந்த அறைகளுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவும். கழுவாமல் வைத்தால் அது இரத்தத்தின் மேலும் கொழுப்பின் மேலும் படிந்து இறுகும். எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரியும், பிடித்திருக்காது.

அடுத்தது அடைப்பான். தண்டின் நுனிக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீழே குழலை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் சிமெண்ட் கீழே முழங்கால் பக்கம் ஓடும், அழுத்தம் ஏறாது, அழுத்தமில்லாமல் தேன்கூட்டு அறைகளுக்குள் அது புகாது. அடைப்பான் வாங்க வழியில்லாத இடங்களில், எடுத்துவிட்ட பந்தின் எலும்பிலிருந்தே ஒரு துண்டைச் செதுக்கி அடைப்பானாக வைக்கும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவில்லாத, நல்ல முறை அது. அதைக்கூடச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

அதன்பின் துப்பாக்கி. அதன் நீண்ட மூக்கை அடைப்பான் வரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே வெளியே எடுத்தால் இடையில் காற்றும் இரத்தமும் அகப்படாது. துப்பாக்கி இல்லாத இடத்தில் மேலிருந்து விரலால் திணிக்கிறார்கள். காற்று வெளியேறக் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நிரம்பியதும் உருவிவிடுவார்கள். கிடைத்ததைக் கொண்டு சமாளித்த அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனாலும் விரல் எட்டும் தூரம் கொஞ்சம்தான், தண்டு அதைவிட நீளம். நிரப்பிய பின் மேல்வாயை மூடி அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 2 மில்லிமீட்டர் சிமெண்ட் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

இங்கே பாக்கெட் கணக்கு வருகிறது. ஒரு பாக்கெட்டில் 40 கிராம் பொடியும் ஏறத்தாழ 20 மில்லி திரவமும் இருக்கும். அகன்ற குழல் கொண்ட மூதாட்டிக்கு அது போதாது, இரண்டு வேண்டும். நான் பணியாற்றிய ஓரிடத்தில், இரண்டு பாக்கெட் கேட்டு எழுதிய இண்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு), ‘ஒன்றுக்குத்தான் அனுமதி’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பழைய வகை உலோகப் பந்தைவிடச் சிமெண்டின் விலையே கூடுதலாக இருப்பதுண்டு என்பதால், கணக்குப் பார்ப்பவர் கண்ணில் அது முதலில் படுகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையிலிருந்த பட்டியலில் மூட்டு முதன்மைப் பொருளாகவும் சிமெண்ட் உபரிப் பொருளாகவும் இருந்தன. பட்டியலை அப்படி எழுதியதுதான் தவறு.

கலக்கும் நேரமும் முக்கியம். பொடியும் திரவமும் சேர்ந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். முதலில் கூழாக இருக்கும், பிறகு நூல் இழுக்கும், பிறகு கையுறையில் ஒட்டாத பதம் வரும், அதன்பின் சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். அறையின் வெப்பம் கூடக்கூட இந்த நேரம் சுருங்கும். மே மாத மதுரையில் குளிர்சாதனம் மக்கர் செய்யும் நாளில், மருத்துவர் தண்டைக் கையில் எடுப்பதற்குள் பதம் தாண்டிவிடும். சிமெண்டைக் குளிர்ந்த இடத்தில் சேமிப்பதையும், அரங்கின் வெப்பநிலையைக் கண்காணிப்பதையும், கலந்த நொடியிலிருந்து நேரத்தை உரக்கச் சொல்வதையும் செவிலியருக்கு முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும். மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வது மட்டும் போதாது.

சிமெண்டுக்கு ஆபத்தும் உண்டு. அதை மறைத்து நான் எழுதவில்லை. குழலுக்குள் அழுத்தம் ஏறும்போது கொழுப்பும் மஜ்ஜையும் இரத்த ஓட்டத்துக்குள் தள்ளப்பட்டு, சிலருக்கு இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சட்டென்று இறங்கும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். இதயமும் நுரையீரலும் மிகவும் நலிந்தவர்களுக்குச் சிமெண்ட் வேண்டாம் என்று அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்தால் அது அவர்கள் உரிமை. ஆனால் குழலை நன்றாகக் கழுவுவதுதான் உள்ளே தள்ளப்படும் கொழுப்பைக் குறைக்கிறது. ஆகவே கழுவும் கருவியை ஆடம்பரம் என்று அடித்துவிடாதீர்கள். பிடிமானத்துக்கும் அதுதான், பாதுகாப்புக்கும் அதுதான்.

விலை என்று நீங்கள் சொல்வீர்கள். மதுரைக்கு அதற்கு ஒரு பதில் உண்டு. 1992இல் இங்கே தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே செய்து அதன் விலையைப் பல மடங்கு இறக்கியது. ஏழைகளுக்கு எட்டாதிருந்த லென்ஸ் கண்புரை முகாமுக்கு வந்தவர்களுக்கும் கிடைத்தது. அந்தத் தொடக்கக் கால லென்ஸும் எலும்புச் சிமெண்டும் ஒரே அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அடைப்பானும் துப்பாக்கியும் கலவைக் கிண்ணமும் லென்ஸைவிட நுட்பமான பொருள்கள் அல்ல. 1994இல் உருவானது முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய உங்கள் கழகம், ஆண்டு முழுவதற்குமான தேவையைச் சேர்த்துக் கேட்டால், செய்து தர இந்த நாட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்.

பதிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டின் பெட்டியிலும் சிமெண்ட் பெட்டியிலும் வரும் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் காப்பீட்டுக் கோப்போடு போய்விடுகின்றன; நோயாளியின் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பாதி மூட்டு மாற்று செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் போன்லாக் என்ற புதுச் சிமெண்ட் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. 1987 முதல் ஒவ்வொரு மூட்டையும் சிமெண்டின் பெயரோடு பதிந்துவந்த நார்வே, அதை வைத்தவர்களுக்கு மூட்டு விரைவாகத் தளர்வதைக் கண்டுபிடித்தது. 1995இல் அது விலக்கப்பட்டது. நம்மூரில் அப்படி ஒரு சிமெண்ட் வந்திருந்தால், யார் யாருக்கு வைத்தோம் என்று எந்தத் தாளைப் பார்த்துச் சொல்வோம்? தண்டின் வகையும் அளவும், சிமெண்டின் பெயரும் தொகுதி எண்ணும், எத்தனை பாக்கெட், அடைப்பான் வைத்தார்களா என்பதும் சம்மரியில் தமிழில் எழுதப்பட வேண்டும். மூட்டு பின்னாளில் தளர்ந்து மறு அறுவை செய்ய நேர்ந்தால், பழைய சிமெண்டை வெட்டியெடுக்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவலும் இதுதான்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ‘சிமெண்ட் வைக்கும் பாதி மூட்டுத் தொகுப்பு’ என்று ஒரே இனமாகக் கோருங்கள்: மெருகேற்றிய தண்டு, பந்து, இரண்டு பாக்கெட் சிமெண்ட், அடைப்பான், துப்பாக்கி மூக்கு, மேல்வாய் அழுத்தி. துப்பாக்கியையும் கழுவும் கருவியையும் மூட்டு மாற்று நடக்கும் ஒவ்வொரு அரங்குக்கும் நிலையான கருவிகளாக வழங்குங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் இந்தத் தொகுப்புக்குத் தனி விகிதம் நிர்ணயித்து, அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் ஸ்டிக்கர் நகலையும் பார்த்த பிறகே தொகையை விடுவியுங்கள். செவிலியர் பயிற்சியை மதுரையில் தொடங்க முன்வந்தால், சிமெண்ட் கலக்கக் கற்றுத்தர என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் ஊதியம் எதிர்பாராமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறுவை அரங்குச் செவிலியர்,
மதுரை.