ஸிரோ இசை விழாப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். அருணாசலப் பிரதேசத்தில் அபதானி மக்கள் வாழும் ஸிரோ பள்ளத்தாக்கில், 2012 முதல் நடந்துவரும் இசை விழாவில் இம்முறை நம் குழுவின் கிதார் கலைஞர் தம் சொந்தப் பாடல்களைப் பாடவிருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.

உடன் செல்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அம்மாநிலத்திற்குள் நுழைய வெளிமாநிலத்தவர் அனைவருக்கும் கட்டாயமான உள்நுழைவு அனுமதிச் சீட்டை இணையவழியில் முன்கூட்டியே பெற்றுவிடுவதாகும். குவாஹாட்டியிலிருந்து இரவு ரயிலில் நாகர்லகுன் சென்று, அங்கிருந்து பல மணி நேரம் மலைச்சாலையில் பயணம் செய்ய வேண்டியிருப்பதாலும், செப்டம்பரில் மழையால் மண் சரிந்து பாதை அடைபடக்கூடும் என்பதாலும், நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ஊர் சேர்வதுதான் அறிவு. அன்று காலையில் போய் இறங்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

கிதாரைத் தந்திகளைச் சற்றுத் தளர்த்திக் கடினமான பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லவும். விமானத்தில் பவர் பேங்க்குகளைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். மூங்கிலால் அமைக்கப்படும் மேடைகளுக்கு முன்னுள்ள புல்வெளி மழையில் சேறாகிவிடும் என்பதால், ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் அவசியம் (குடை பின்னால் இருப்பவரை மறைக்கும்).

உடன் வர விரும்புவோர் இக்குழுவிலேயே தங்கள் பெயரைப் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.